பிஸ்ட்ரோ சமையல்காரராக எந்த வழி: தரமணியா, புதுச்சேரியா, பாரிஸா?

தண்டையார்பேட்டையில் வசிக்கும் என் அக்காவின் மகன், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு, பிரெஞ்சு பிஸ்ட்ரோ சமையலையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டான். அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, நீயும் அதே தொழில்லதான் இருக்க. வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வெச்சு அவன பாரிஸுக்கு அனுப்பிடலாமா, இல்ல இங்கயே எங்கயாவது சேத்து விடலாமா?" வடசென்னையின் பல வீடுகளில் இதே கேள்வி எழுகிறது என்பதாலும், கேட்கிறவர்களுக்கு நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இதற்கு இல்லை என்பதாலும், நான் நடந்து பார்த்த வழிகளையும் உடன் வேலை செய்தவர்கள் நடந்த வழிகளையும் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், எந்த ஊருக்குப் போக வழி தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். பிஸ்ட்ரோ என்றால் பிரெஞ்சு உணவகம் என்று பொதுவாகப் புரிந்துகொள்ளப்படுகிறது, அது போதாது. பெரிய கூடமும் பீர் குழாயும் நாள் முழுக்கத் திறந்திருக்கும் அடுப்படியும் கொண்ட பிராஸரி வேறு; பன்னிரண்டு சிறு தட்டுகளாக வரிசையில் வரும் உயர்தர உணவகம் வேறு. பிஸ்ட்ரோ என்பது பத்துப் பதினைந்து மேசைகளும், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய பட்டியலும், இரண்டு மூன்று பேர் மட்டும் நிற்கக்கூடிய அடுப்படியும் உள்ள அக்கம்பக்கத்துக் கடை. 1814இல் பாரிஸுக்குள் வந்த ரஷ்யச் சிப்பாய்கள் 'சீக்கிரம்' என்ற பொருளில் கத்திய 'பிஸ்த்ரா' என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் பலகை வைத்தே சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அச்சில் தென்படுவது அதற்கு எழுபது ஆண்டுகள் கழித்து, 1880களில்தான் என்பதால் மொழியறிஞர்கள் அந்தக் கதையை ஏற்பதில்லை. நமக்கு அதைவிட முக்கியமான ஆண்டு 1992. பெரிய ஓட்டல் சமையலறையில் பயின்ற ஈவ் காம்டெபோர்த் அந்த ஆண்டில் பாரிஸின் ஓர் ஓரத்தில் 'லா ரெகலாத்' என்ற சிறிய கடையைத் திறந்து, உயர்தரக் கைத்திறனை மலிவான இறைச்சித் துண்டுகளின் மீதும் எளிய மேசைகளின் மீதும் செலுத்தினார். இன்று இளம் சமையல்காரர்கள் பிஸ்ட்ரோவைத் தேடிப் போவதற்கு அந்தப் போக்கே பெரும் காரணம்.

மலிவான இறைச்சி என்று சொன்னேன். இந்த இடத்தில் வடசென்னைப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே ஒரு கையிருப்பு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். பிஸ்ட்ரோவின் அடித்தளம் விலை குறைந்த தசையை நீண்ட நேரம் மெல்லிய தீயில் வேகவைப்பதும், விலங்கின் எந்தப் பகுதியையும் வீணாக்காமல் இருப்பதும்தான். பர்கண்டி ஒயினில் மாட்டிறைச்சியை மூன்று மணி நேரம் வேகவைக்கும் பூஃப் பூர்கின்யோனும், உப்பில் ஓரிரவு ஊறிய வாத்துத் தொடையைக் கொழுப்பிலேயே மூழ்கடித்துச் சமைக்கும் கோன்ஃபியும் அப்படிப் பிறந்தவை. லியோன் நகரின் பூஷோன் எனப்படும் சிறு உணவகங்களில் 'தப்லியே த சப்பர்' என்று ஒரு பண்டம் உண்டு. மாட்டின் இரைப்பையில் தேனடை போலிருக்கும் பகுதியை வேகவைத்து, வெள்ளை ஒயினில் ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். லியோனில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தத் துண்டைப் பலகையில் போட்டபோது பக்கத்தில் நின்ற பிரெஞ்சுப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கோ பழைய வண்ணாரப்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போட்டி எனப்படும் குடலை வெந்நீரில் போட்டு எடுத்து, கத்தியின் முதுகால் சுரண்டி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, நான்கு தண்ணீர் மாற்றி அலசுவது கண் முன்னே வந்தது. அந்தத் துண்டைத் தொட்டதுமே அது எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் மாட்டிறைச்சியின் எலும்புப் பகுதியையும் கொழுப்புப் பகுதியையும் பிரித்துக் கேட்டு வாங்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கும், காசிமேட்டில் விடியுமுன் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சங்கராவைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இதை எந்தப் பள்ளியும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

கற்றுத்தர வேண்டியது வேறு. ஒரே பதார்த்தத்தை ஆயிரம் முறை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்யும் பழக்கம்தான் அது. வெங்காய சூப்பையே எடுத்துக்கொள்வோம். ஐந்து கிலோ பெல்லாரி வெங்காயத்தை ஒரே பருமனில் அரிந்து, அகலமான பாத்திரத்தில் வெண்ணெயோடு போட்டால் முதல் கால் மணி நேரம் தண்ணீர்தான் விடும். அந்தத் தண்ணீர் வற்றிய பிறகுதான் நிறம் ஏறத் தொடங்கும். பொறுமையிழந்து தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு வெளுத்து நிற்கும். அடியில் பிடிக்கும் பழுப்பைச் சிறிது ஒயினோ நீரோ விட்டுச் சுரண்டிச் சுரண்டி வெங்காயத்துக்குள்ளேயே திரும்பச் சேர்த்தால், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பு நிறத்துக்கு வரும். அதன் பிறகு மாட்டெலும்புச் சாறு, ரொட்டித் துண்டு, மேலே சீஸ். செய்முறை இவ்வளவுதான், இதைப் படித்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வெங்காயம் வாணலியில் எழுப்பும் ஓசை மாறுவதைக் கேட்டே, திரும்பிப் பார்க்காமல் தீயைக் குறைக்கும் நிலை எனக்கு வர இரண்டு குளிர்காலங்கள் ஆயின. ஆகவே எந்த வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: குறைந்த கடனில், சீக்கிரமாக, இந்தப் பண்டங்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் அடுப்பின் முன் அது பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துமா?

முதல் வழி, தரமணியில் 1963 முதல் இயங்கும் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம். தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வு எழுதி மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருவதால் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்கென்று தனியே சில மாதம் உழைக்க வேண்டியிருக்கும். சமையல் மட்டும் போதும் என்பவர்களுக்கு உணவுத் தயாரிப்பில் ஒன்றரை ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களை, அவர்களுக்கான தமிழக அரசுக் கழகமான தாட்கோ தன் செலவில் இங்கே படிக்க வைக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டிருப்பதால், தகுதியுள்ள குடும்பங்கள் கடன் என்ற பேச்சை எடுப்பதற்கு முன்னால் தாட்கோ அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு வந்து பறக்கும் ரயில் பிடித்தால் தரமணிக்குப் போய்விடலாம் என்பதால் விடுதிச் செலவும் இல்லை.

இந்தப் படிப்பின் பலம் அடிப்படை. கத்தி பிடிப்பது, ஸ்டாக் எனப்படும் எலும்புச் சாறு வைப்பது, மற்ற சாஸ்களுக்கு மூலமான ஐந்து தாய் சாஸ்கள், சுகாதார விதிகள், செலவுக் கணக்கு ஆகியவை ஒழுங்காகக் கற்பிக்கப்படுகின்றன. பட்டம் கையில் இருந்தால் நாற்பது வயதில் முதுகு வலித்து அடுப்படியை விட நேர்ந்தாலும் வேறு பிரிவுக்கு மாற முடியும். இதை இருபது வயதில் யாரும் நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை. பலவீனம் என்னவென்றால், மூன்றாண்டும் பிரெஞ்சு அல்ல. பிரெஞ்சு சமையல் ஒரு பாடத்தின் ஒரு பகுதி. படித்து முடித்ததும் பெரும்பாலோர் நட்சத்திர ஓட்டலில் கமியாக, அதாவது அடுப்படியின் கீழ்நிலைச் சமையல்காரராக, சேர்கிறார்கள். அங்கே பஃபேவுக்காக ஐந்நூறு பேருக்குச் சமைப்பார்கள். அது மதிப்புள்ள திறமைதான், ஆனால் பிஸ்ட்ரோவுக்குத் தேவையான திறமை அது அல்ல. நான் வேலை பார்த்த ஒரு பெரிய ஓட்டலின் கான்டினென்டல் பிரிவில் பதினான்கு மாதம், எலும்புச் சாற்றைச் சுண்டவைத்துச் செய்ய வேண்டிய டெமிகிளாஸ் சாஸைப் பொட்டலத்திலிருந்து கொட்டி வெந்நீரில் கலக்கினேன். எலும்பை வறுத்து, எட்டு மணி நேரம் காய்ச்சி, நுரையெடுத்து, வடிகட்டி, சுண்டவைக்கும் வேலையை அங்கே ஒரு நாள்கூடச் செய்ததில்லை.

தரமணியைத் தவிர நகரம் முழுக்க இருக்கும் தனியார் கேட்டரிங் பயிற்சி நிலையங்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒன்றில் நாற்பது பேருக்கு மூன்று அடுப்புகள் இருந்தன. ஆசிரியர் செய்வதை நாங்கள் நின்று பார்த்தோம். சேருவதற்கு முன் ஒரு வேலைநாளில் நேரில் போய், ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

இரண்டாவது வழி, புதுச்சேரிக்குப் போய் அடுப்படியில் அடிமட்ட வேலையில் சேர்வது. இதைத்தான் பெற்றோர் மிகவும் தாழ்வாக நினைக்கிறார்கள், நான் மிகவும் உயர்வாக நினைக்கிறேன். 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அது. இன்றும் பிரெஞ்சுத் துணைத் தூதரகமும் பிரெஞ்சுப் பள்ளியும் இருக்கின்றன, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே ஆரோவில். ஆகவே ஸ்டீக் எப்படி இருக்க வேண்டும், க்ரெம் காரமெல் புட்டிங் எப்படி நடுங்க வேண்டும் என்று தெரிந்து சாப்பிட வருகிறவர்கள் அங்கே உண்டு. தவறாகச் செய்தால் தட்டு திரும்பி வரும். தட்டு திரும்பி வரும் ஊரில்தான் சமையல்காரன் வேகமாகத் தேறுகிறான்.

அங்கே சின்ன அடுப்படிகளில் ஆள் குறைவு என்பதால் முதல் வாரம் வெங்காயம் உரிக்கும் பையனை மூன்றாம் மாதத்தில் சாலட் பக்கத்திலும், ஆறாம் மாதத்தில் கிரில்லிலும் நிறுத்திவிடுகிறார்கள்; பெரிய ஓட்டலில் அந்த இடத்துக்கு வர மூன்று ஆண்டுகள் ஆகும். பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. சம்பளம் குறைவு, வாடகை போக வீட்டுக்கு அனுப்பப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. எல்லா இடமும் ஒன்றல்ல. பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டு பாஸ்தாவும் பீட்சாவும் விற்கும் கடைகள் அங்கே நிறைய. வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டத்துக்காக ஓடும் கடையில் சேர்ந்தால் கற்பது குறைவு. ஆகவே வேலை கேட்டுப் போகும்போது சாறு எங்கே காய்ச்சுகிறீர்கள், இறைச்சியை யார் வெட்டுகிறார் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட வேண்டும். அந்த இரண்டும் அடுப்படிக்குள்ளேயே நடக்கிறது என்றால் சம்பளத்தைப் பார்க்காமல் சேரலாம்.

பள்ளிக்கே போகாமல் வேலையில் கற்றவர்கள் உயரவே முடியாது என்ற பயத்துக்கு லியோன் நகரமே பதில். பண்ணை வீடுகளில் வேலைக்காரியாக வளர்ந்த எஜெனி பிரசியே, மேர் ஃபியூ என்ற அம்மையாரின் சமையலறையில் கற்றுக்கொண்டு, 1921இல் சொந்தக் கடை திறந்து, 1933இல் தன் இரண்டு உணவகங்களுக்கும் உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷ்லான் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைத் தலா பெற்றார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற போல் போக்கூஸ் இளவயதில் அவருடைய சமையலறையில் பயின்றவர். சமையலறை ஆண்களின் இடம் என்று மகளைத் தடுக்கும் பெற்றோரும் அந்த அம்மையாரை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வழி, கடன் வாங்கி நேரே பிரான்சுக்குப் போவது. 1895இல் தொடங்கிய லு கோர்தோன் பிளூ, 1920இல் தொடங்கிய ஃபெராந்தி, லியோனுக்கு அருகில் எக்யுயி என்ற ஊரில் 1990இல் தொடங்கப்பட்டு 2023 முதல் லைஃப் என்ற பெயரில் இயங்கும் முன்னாள் போல் போக்கூஸ் நிறுவனம் ஆகியவை மதிப்புமிக்க பள்ளிகள். ஆங்கிலத்தில் நடத்தும் படிப்புகளும் அங்கே உள்ளன. லு கோர்தோன் பிளூவின் சமையலும் இனிப்பும் சேர்ந்த முழுப் பட்டயத்துக்குக் கட்டணமும் பாரிஸில் தங்கும் செலவும் சேர்ந்து பல பத்து லட்சம் ரூபாய் ஆகும். அதற்குக் கிடைப்பது ஓராண்டுக்கும் குறைவான வகுப்பறைப் பயிற்சி. தினமும் ஒரு புதிய பண்டம், அழகாகச் செய்து, படம் எடுத்து, அடுத்த நாள் இன்னொன்று. நான் மேலே சொன்ன ஆயிரம் முறை என்ற கணக்கு அங்கே நிறைவேறாது; நிறைவேற்றுவதாக அந்தப் பள்ளிகளும் சொல்வதில்லை. ஏற்கெனவே ஐந்தாறு ஆண்டு அடுப்படியில் நின்றவர் அங்கே போனால் ஒவ்வொரு நாளும் பொன்னாகும். கத்தி பிடிக்கத் தெரியாத பதினெட்டு வயதுப் பையனை வீட்டுப் பத்திரத்தின் பேரில் அனுப்பினால், திரும்பி வந்ததும் கமி சம்பளத்தில் அவ்வளவு பெரிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டியிருக்கும். சொந்தப் பணம் தாராளமாக உள்ள குடும்பத்துக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து.

பிரான்சிலேயே இன்னொரு கதவு இருக்கிறது. கேப் குயிசின் என்பது அந்த நாட்டுப் பிள்ளைகள் சமையல் தொழிலுக்குள் நுழைய எடுக்கும் அரசுச் சான்றிதழ். வழக்கமாக இரண்டு ஆண்டு, பெரியவர்களுக்கு ஓராண்டிலும் நடத்துகிறார்கள். பாரிஸின் எந்த பிஸ்ட்ரோவிலும் இதற்கு மரியாதை உண்டு. கட்டணம் மேலே சொன்ன பட்டயத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் எல்லாம் பிரெஞ்சு மொழியில். சில நாள் பள்ளியிலும் மீதி நாள் கடையிலுமாகச் சம்பளத்துடன் பயிலும் முறைக்கு அங்கே பெரிய மதிப்பு. 18 முதல் 20 வயதுள்ள பயிலுநருக்கு முதலாண்டில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தில் 43 விழுக்காடு கிடைக்கும். 2024 நவம்பரில் அந்தக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் சுமார் 1,802 யூரோவாக இருந்தது. ஆகவே பயிலுநருக்கு ஏறத்தாழ 775 யூரோ. இதைக் கேட்டதும் என் மருமகன், "அப்ப செலவே இல்லையே மாமா!" என்றான். இல்லை, நம் நாட்டிலிருந்து மாணவர் விசாவில் போகிறவருக்குப் பொதுவாக முதலாண்டில் அந்த ஒப்பந்தம் கிடைக்காது, இரண்டாம் ஆண்டிலிருந்துதான். முதலாண்டில் மாணவராக ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விசாவுக்கே மாதம் 615 யூரோ வீதம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்ட்களிடம் போவதற்கு எந்த அவசியமும் இல்லை. மாணவர் விசாவுக்கான விண்ணப்பமெல்லாம் பிரெஞ்சு அரசின் கேம்பஸ் பிரான்ஸ் அமைப்பு வழியாகத்தான் நடக்கிறது. என் நண்பர் ஒருவர் அப்படி ஓர் ஏஜென்டிடம் நகை விற்ற பணத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டு அலைந்தார்.

மொழியைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் செய்த பெரும் பிழை அதுதான். லியோனில் முதல் மாதம் எனக்குத் தெரிந்தது 'சரி, ஷெஃப்' என்று பொருள்படும் 'வி ஷெஃப்' மட்டும். பின்னாலிருந்து ஒருவர் 'ஷோ!' என்று கத்தினார். சூடு, விலகு என்று பொருள் எனக்குப் பிடிபடுவதற்குள் கொதிக்கும் தட்டின் ஓரம் முழங்கையில் பட்டுவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. ஆர்டர்களை வாயால் கூவும் அடுப்படியில் மொழி தெரியாதவன் எவ்வளவு திறமைசாலியானாலும் பாத்திரம் கழுவும் பக்கத்திலேயே நிற்பான். அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் பி1 என்னும் மொழித் தேர்ச்சி நிலைக்கு வரச் சுமார் நானூறு மணி நேர வகுப்பு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டு. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸிலும், புதுச்சேரியில் இருக்கும் அலியான்ஸிலும் படிக்கலாம். இங்கே செலவழிக்கும் அந்த இரண்டு ஆண்டும் அங்கே நான்கு ஆண்டை மிச்சம் செய்யும்.

பயின்று முடித்தபின் எங்கே தொழில் செய்வது என்பதும் முடிவில் சேர்ந்தது. பிரான்சில் உணவகத் துறையில் ஆள் பற்றாக்குறை நீடிக்கிறது. வாரத்துக்கு 39 மணி நேரம் என்பது அங்கே வழக்கமான ஒப்பந்தம் என்றாலும், மதியம் ஒரு பாதி, இரவு ஒரு பாதி என்று நாளைப் பிளந்து வேலை செய்யும் முறை உடலை வருத்தும். சென்னைக்குத் திரும்பிச் சொந்தமாக பிஸ்ட்ரோ வைப்பது பல பையன்களின் கனவு. தமிழ்நாட்டில் மதுவிற்கும் உரிமம் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்களுக்கும்தான் நடைமுறையில் கிடைக்கிறது. தனிக்கடைக்கு ஒயின் கிடையாது. பிரெஞ்சு பிஸ்ட்ரோவின் லாபத்தில் பெரும்பங்கு ஒயின் கோப்பையிலிருந்து வருவதால், இங்கே சமையலின் விலையிலேயே முழுக் கணக்கையும் ஈடுகட்ட வேண்டும். பொருளிலும் வேறுபாடு உண்டு: கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 விழுக்காடுதான் என்பதால் சாஸைச் சுண்டவைக்கும்போது திரிந்துவிடும், முப்பதுக்கு மேல் உள்ளதைத் தேடி வாங்க வேண்டும். புதுச்சேரியில் உரிமச் சிக்கல் இவ்வளவு இல்லை. அதனால்தான் திரும்பி வருகிறவர்களில் பலர் ராயபுரத்தில் பிறந்திருந்தாலும் கடையை அங்கே வைக்கிறார்கள். காசிமேட்டு மீனையும் புளியந்தோப்பு இறைச்சியையும் கொண்டு வடசென்னையிலேயே மேசைக்கு ஒயின் வைக்காத ஒரு நல்ல பிஸ்ட்ரோ நடத்த முடியுமா என்பதை யாரும் இன்னும் முழு மனதோடு முயன்று பார்த்ததாக நான் அறியவில்லை. முடியும் என்றே நம்புகிறேன்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இது. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். தரமணியின் ஒன்றரை ஆண்டுச் சான்றிதழில் அவன் சேரட்டும். மேலாளராகும் ஆசையும் படிப்பில் ஊக்கமும் உள்ள பிள்ளையாக இருந்திருந்தால் மூன்றாண்டுப் பட்டத்தைச் சொல்லியிருப்பேன், இவன் அடுப்பை விட்டு நகராதவன். வார இறுதியில் பிரெஞ்சு வகுப்பு, முதல் நாளிலிருந்தே. சான்றிதழ் முடிந்ததும் புதுச்சேரியில் இரண்டு ஆண்டு, மொழி வகுப்பை விடாமல். அதன் பிறகும் ஆசை தணியாமல் இருந்தால் கேப் படிப்புக்கு விண்ணப்பம். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, கையில் தொழில், வாயில் மொழி, முதலாண்டுச் செலவுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும். அக்கா நெடுநேரம் யோசித்துவிட்டு, "நாலு வருஷம் ஆவும்னு சொல்றியே தம்பி" என்றாள். ஆகும் என்றேன். மருமகன் அதற்குள் எழுந்து போய் மூட்டையிலிருந்து இரண்டு கிலோ வெங்காயத்தை எடுத்து வந்து, அருவாமனையை ஒதுக்கிவிட்டு, நான் கொடுத்த கத்தியால் அரியத் தொடங்கியிருந்தான். துண்டுகள் ஒரே பருமனில் இல்லை. முதல் பத்து வெங்காயத்தைத் தனியாக எடுத்துச் சாம்பாருக்கு வைத்துவிட்டு, பதினொன்றாவதிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.